மாநகராட்சி வார்டில் ஊர் வேலை செய்வது எப்படி: ஆயாவின் நோட்டுகளிலிருந்து

பென்ஷன் விண்ணப்பத்தைத் தள்ளிவிட்டார்கள் எங்கே போவது, தெருவிளக்கு மூன்று மாதமாக எரியவில்லை யாரைப் பிடிப்பது, கவுன்சிலர் போனையே எடுக்கமாட்டேன் என்கிறாரே என்ன செய்வது என்று வாரத்துக்கு இரண்டு பேராவது என்னிடம் வந்து கேட்கிறார்கள். எனக்கு எல்லாம் தெரியும் என்பதால் இல்லை. ஐம்பது வருடமாக எங்கள் ஆயாவிடம் (பாட்டியை அப்படித்தான் கூப்பிடுவோம்) கேட்டுப் பழகிவிட்டார்கள், ஆயாவுக்கு இப்போது காது சரியாகக் கேட்பதில்லை, பக்கத்து நாற்காலியில் நான் உட்கார்ந்திருக்கிறேன், அவ்வளவுதான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லித் தொண்டை வறண்டு போனதால் எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

ஆயா 1941-ல் தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், மேகசின் பாரக்ஸில் பிறந்தவர். நகராட்சியில் வேலை பார்த்த தமிழ், தெலுங்குக் குடும்பங்கள் நெருக்கியடித்துக்கொண்டு வாழ்ந்த குடியிருப்பு அது. 1950-ல் வந்த இனவாரிக் குடியிருப்புச் சட்டத்தைக் காட்டி, 1960-களில் அங்கிருந்தவர்களை எல்லாம் டர்பனின் சாட்ஸ்வர்த் பகுதிக்கு மாற்றினார்கள். ஆயா துணி ஃபேக்டரியில் தைத்தார், ஐந்து பிள்ளைகளை வளர்த்தார், மிச்ச நேரத்தில் ஊர் வேலை பார்த்தார். எந்தத் தேர்தலிலும் நின்றதில்லை, எந்தப் பதவியிலும் இருந்ததில்லை. அலமாரியில் 43 நோட்டுகள் வைத்திருக்கிறார். இந்தக் கட்டுரையில் சட்டம் பற்றி நான் சொல்வது தென்னாப்பிரிக்காவுக்கு மட்டும் பொருந்தும். மலேசியாவிலிருந்தோ மொரீஷியஸிலிருந்தோ படிக்கிறவர்கள் நோட்டு வைக்கும் முறையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள், அது எல்லா ஊர் அலுவலகத்துக்கும் ஆகும்.

முதலில் நோட்டு

கெட்டி அட்டை போட்ட நோட்டு ஒன்று வாங்குங்கள். போனில் குறித்துவைக்கலாமே என்று என் தம்பி கேட்டான். குறித்துவைக்கலாம். ஆனால் கவுண்டருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவர் முன்னால் போனைத் தடவிக்கொண்டிருந்தால் ஏதோ வாட்ஸ்அப் பார்க்கிறீர்கள் என்று நினைப்பார், நோட்டைத் திறந்து பேனாவை எடுத்தால் நிமிர்ந்து உட்காருவார். இதை நானே பலமுறை பார்த்திருக்கிறேன்.

எழுத வேண்டியது: தேதி, வந்தவர் பெயர், என்ன பிரச்சினை, எந்த அலுவலகம், என்ன பதில், எப்போது திரும்பி வரச் சொன்னார்கள். ஓரத்தில் சிவப்புப் பென்சிலால் ஆயா ஒரு கோடு போட்டு ஒரு பத்தி ஒதுக்குவார். அந்தப் பத்தியில் ஒன்றே ஒன்றுதான் எழுதுவார்: சொன்னது யார். பெயர் கேட்டால் சிலர் முகம் சுளிப்பார்கள், அதற்காக விட்டுவிடக் கூடாது. நான் எந்த அலுவலகத்துக்குப் போய் வந்தாலும் வாசலில் செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே ஆயாவின் முதல் கேள்வி "அவங்க பேரு என்ன?" என்பதுதான். என்ன பதில் சொன்னார்கள் என்பது இரண்டாவது கேள்வி.

ஒருமுறை ஓர் அலுவலகத்தில் பக்கத்துத் தெரு அம்மா ஒருவரின் விண்ணப்பம் தங்களிடம் வரவே இல்லை என்று அடித்துச் சொன்னார்கள். ஆயா நோட்டைப் புரட்டி, இன்ன தேதி, காலை பத்து இருபது, மூன்றாவது கவுண்டர், வாங்கியவர் பெயர் இது என்று வாசித்தார். குரலை உயர்த்தவில்லை. கால் மணி நேரத்தில் ஃபைல் கிடைத்துவிட்டது, அதுவும் அதே மேசையில்.

நோட்டில் எழுதக் கூடாததும் உண்டு. அடையாள எண், வங்கிக் கணக்கு எண் இதையெல்லாம் எழுதாதீர்கள், நோட்டு தொலைந்தால் வேறு வினை. யாருடைய அட்டையையும் "பத்திரமாக வைத்திருக்கிறேன்" என்று வாங்கி வைக்காதீர்கள். மஷோனிசா என்று இங்கே சொல்லும் வட்டிக்காரர்கள் செய்வது அதைத்தான்: கிழவியின் பென்ஷன் அட்டையையும் ரகசிய எண்ணையும் பிடுங்கி வைத்துக்கொண்டு, மாதம் பிறந்ததும் அவர்களே போய்ப் பணம் எடுப்பார்கள். அப்படி அட்டையைப் பிடித்து வைப்பது சட்டப்படி குற்றம். நல்ல எண்ணத்தோடு நீங்கள் வாங்கி வைத்தாலும் பார்க்கிறவர் கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான்.

பென்ஷன்: பாதி வேலை இதுதான்

ஆயாவின் நோட்டுகளில் சரி பாதி பக்கம் முதியோர் உதவித்தொகை பற்றியது. காரணம் இல்லாமல் இல்லை. 1928-ல் இந்த நாட்டில் முதியோர் பென்ஷன் சட்டம் வந்தபோது அதில் இந்தியர்களுக்கும் கறுப்பினத்தவருக்கும் இடமில்லை. 1944-ல்தான் சேர்த்தார்கள், அதுவும் வெள்ளையருக்கு ஒரு தொகை, நமக்கு அதைவிடக் குறைவு, கறுப்பினத்தவருக்கு அதைவிடவும் குறைவு. எல்லோருக்கும் ஒரே தொகை என்று ஆனது 1993-ல். ஒரே கடையில் ஒரே விலைக்கு அரிசி வாங்குகிறோம், வயிற்றுக்கும் நிறம் இருக்கிறதா என்று ஆயாவின் அம்மா கேட்பாராம். ஆயா ஊர் வேலைக்கு வந்ததே அந்தக் கேள்வியால்தான் என்று நான் நினைக்கிறேன். அவரிடம் கேட்டால், இல்லை, பக்கத்து வீட்டில் தண்ணீர் வரவில்லை, அதனால்தான் போனேன் என்பார்.

சரி, இப்போது நடைமுறைக்கு வருவோம். 60 வயது நிறைந்தால் ஆணோ பெண்ணோ விண்ணப்பிக்கலாம். 2025 ஏப்ரலில் மாதத் தொகை 2,310 ராண்டாக உயர்ந்தது. 75 வயதைத் தாண்டியவர்களுக்கு 20 ராண்டு கூடுதல், ஒரு ரொட்டி வாங்கலாம். விண்ணப்பிப்பது சாஸா எனும் சமூகப் பாதுகாப்பு முகமையில். விண்ணப்பத்துக்குக் கட்டணம் கிடையாது. "நூறு ராண்டு கொடுங்கள், முடித்துத் தருகிறேன்" என்று எவராவது வந்தால் அவர் பெயரையும் நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.

வருமானமும் சொத்தும் ஓர் அளவுக்குமேல் இருந்தால் கிடைக்காது. இந்த இடத்தில்தான் நம் ஆட்கள் தாங்களாகவே பின்வாங்கிவிடுகிறார்கள். எனக்குச் சொந்த வீடு இருக்கிறதே, என் மகன் நல்ல சம்பளம் வாங்குகிறானே, எனக்கு எப்படிக் கொடுப்பார்கள் என்று விண்ணப்பிக்காமலே பல வருடம் உட்கார்ந்திருந்தவர்களை எனக்குத் தெரியும். நீங்கள் குடியிருக்கும் வீட்டைச் சொத்துக் கணக்கில் சேர்ப்பதில்லை. பிள்ளைகளின் சம்பளத்தையும் பார்ப்பதில்லை, உங்கள் வருமானமும் உங்கள் கணவர் அல்லது மனைவியின் வருமானமும்தான் கணக்கு. இந்த இரண்டு வரியையும் கோயிலில், கல்யாண வீட்டில், சாவு வீட்டில் எங்கே வாய்ப்புக் கிடைத்தாலும் சொல்லுங்கள். நான் எழுதுவதில் வேறு எதுவும் நினைவில் நிற்காவிட்டாலும் இது நின்றால் போதும்.

போகும்போது கொண்டுபோக வேண்டியவை: அடையாள அட்டை, திருமணச் சான்று அல்லது விவாகரத்து, மரணச் சான்று, முகவரிக்கு ஆதாரம், வருமானத்துக்கும் சொத்துக்கும் ஆதாரம், மூன்று மாத வங்கி அறிக்கை. ஏதாவது ஒரு தாள் இல்லையென்றால் போலீஸ் நிலையத்தில் பிரமாணப் பத்திரம் எழுதி முத்திரை வாங்கிக்கொள்ளலாம், அதற்கும் காசு இல்லை. நடக்க முடியாதவர், படுத்த படுக்கையாக இருப்பவர் என்றால் வீட்டார் ஒருவர் கடிதமும் டாக்டர் சான்றும் எடுத்துக்கொண்டு போய் அவருக்காக விண்ணப்பிக்கலாம்.

விண்ணப்பம் கொடுத்ததும் தேதி போட்ட ரசீது தருவார்கள். அந்த ரசீதுதான் தங்கம். மூன்று மாதம் வரை ஆகலாம், ஆனால் அனுமதி கிடைத்தால் விண்ணப்பித்த நாளிலிருந்து கணக்கிட்டுத் தருவார்கள், அந்த நாளுக்கு ரசீதுதான் சாட்சி. தள்ளிவிட்டால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். அதிகாரிகள் எடுத்த முடிவுக்கு எழுத்தில் காரணம் கேட்பது நம் உரிமை, 2000-ல் வந்த சட்டம் அதைத் தருகிறது. பிறகு 90 நாளுக்குள் மேல்முறையீடு. 90 நாள் நீளம் போலத் தெரியும், கடிதத்தைச் சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைத்துவிட்டுத் தீபாவளி வரட்டும் என்று இருந்தால் போய்விடும். கடிதம் கிடைத்த அன்றைக்கே கடைசித் தேதியை நோட்டின் முதல் பக்கத்தில் எழுதுவது ஆயாவின் வழக்கம்.

பலருக்குத் தெரியாத இன்னொன்று: முதியோர் தொகை வாங்குகிறவர் எழுந்து நடமாட முடியாமல் முழு நேரமும் இன்னொருவர் பார்த்துக்கொள்ள வேண்டிய நிலையில் இருந்தால், அதற்கென்று தனியாக ஒரு கூடுதல் தொகை உண்டு. தனியாக விண்ணப்பிக்க வேண்டும், தானாக வராது. அப்புறம் ஈமச்சடங்கு இன்சூரன்ஸ். பென்ஷனிலிருந்து அதற்குப் பிடிக்கலாம், ஆனால் ஒரே ஒரு பாலிசிக்குத்தான், அதுவும் தொகையில் 10 சதவீதத்துக்கு மேல் கூடாது, எழுத்தில் சம்மதம் கொடுத்திருக்க வேண்டும். மாதத் தொகை திடீரென்று குறைந்து வந்தால் முதலில் இதைப் பாருங்கள்.

பட்ஜெட்டுக்கு முன்னால் போங்கள்

பென்ஷன் ஒரு ஆளின் பிரச்சினை. சாலை, சாக்கடை, விளக்கு, கிளினிக் எல்லாம் ஊரின் பிரச்சினை, அதற்கு வழி வேறு. டர்பன் அடங்கிய எதெக்வினி மாநகராட்சியில் 111 வார்டுகள், கவுன்சிலர்கள் 222 பேர். கணக்கு இரண்டு மடங்காக இருக்கிறதே என்று பார்க்கிறீர்களா? பாதிப் பேர் வார்டில் நின்று ஜெயித்தவர்கள், மீதிப் பேர் கட்சிகள் வாங்கிய வாக்கு விகிதப்படி பட்டியலிலிருந்து வந்தவர்கள். உங்கள் வார்டு கவுன்சிலர் பதில் சொல்லவில்லையென்றால் பட்டியலில் வந்த கவுன்சிலரிடம் போகலாம், அவரும் சம்பளம் வாங்குகிறவர்தான். ஒருவருக்கு எழுதும் கடிதத்தின் நகலை மற்றவருக்கும் அனுப்பிப் பாருங்கள். அதிலும் இருவரும் வெவ்வேறு கட்சி என்றால் பதில் எவ்வளவு சீக்கிரம் வருகிறது என்று பார்த்துச் சிரிப்பீர்கள்.

வார்டு கமிட்டி என்று ஒன்று உண்டு. கவுன்சிலர் தலைவர், அவரைத் தவிர அதிகபட்சம் 10 பேர். பெண்களுக்கு நியாயமான இடம் இருக்க வேண்டும், வார்டில் உள்ள பல தரப்பும் வர வேண்டும் என்று 1998-ன் சட்டமே சொல்கிறது. கமிட்டிக்கு முடிவெடுக்கும் அதிகாரம் பெரிதாக இல்லை, ஆலோசனை சொல்லலாம். ஆனாலும் அங்கே உட்காருங்கள். எந்தத் தெரு முதலில் பட்டியலில் ஏறுகிறது என்பதை அங்கே இருக்கிறவர்கள்தான் முதலில் அறிவார்கள்.

நிதியாண்டு தொடங்குவது ஜூலை 1. அதற்குக் குறைந்தது 90 நாள் முன்னால் வரைவு பட்ஜெட்டைக் கவுன்சில் முன் வைக்க வேண்டும், அதாவது மார்ச் கடைசி வாக்கில். மே முடிவதற்குள் நிறைவேற்றப் பார்ப்பார்கள். இடையில் இருக்கும் ஏப்ரலும் மே மாதமும்தான் பொதுமக்கள் கருத்துச் சொல்லும் காலம். ஐந்து வருட வளர்ச்சித் திட்டத்தை வருடா வருடம் திருத்துவதும் இதோடு சேர்ந்தே நடக்கும். ஜூனில் போய்ச் சாலை கேட்பது கல்யாணம் முடிந்த பிறகு பந்தல்காரருக்கு முன்பணம் கொடுக்கிற மாதிரி.

எங்களுக்கு நாள் மறக்காமல் இருக்க ஆயா ஒரு கணக்கு வைத்திருக்கிறார். புனித வெள்ளியன்று இசிபிங்கோ மாரியம்மன் கோயில் திருவிழா. (கரும்புத் தோட்டத்து வெள்ளைக்காரர் விடுமுறை விட்ட நாளே அம்மனுக்கும் திருநாள் ஆகிவிட்டது, அது தனிக் கதை.) அந்தக் கூட்டத்துக்குப் போய் வந்த அடுத்த திங்களே மனு எழுத உட்கார்ந்துவிட வேண்டும். அம்மனிடம் வைத்த வேண்டுதலின் நகலை மாநகராட்சிக்கும் கொடுக்கிறோம் என்று ஆயா சொல்வார்.

மனுவில் கதை வேண்டாம். வார்டு எண், தெருப் பெயர், எந்த வீட்டு எண்ணுக்கு எதிரே, எத்தனை வீடுகள் பாதிக்கப்படுகின்றன, எத்தனை மாதமாக, ஏற்கெனவே கொடுத்த புகாரின் எண் என்ன, ஒரு போட்டோ. தீர்ந்தது. புகார் எண் வாங்காமல் போனை வைக்காதீர்கள். கொடுத்த மனுவின் நகலில் முத்திரை வாங்குங்கள். கவுன்சில் கூட்டங்களைப் பொதுமக்கள் போய்ப் பார்க்கலாம், அது அவர்கள் தரும் சலுகை அல்ல. ஆயாவும் ஃபேக்டரித் தோழி ஒருவரும் ஒரு காலத்தில் பின்வரிசையில் உட்கார்ந்து ஊசியும் நூலுமாகப் பின்னிக்கொண்டே கேட்பார்களாம். பேசியதே இல்லை. ஆனால் அடுத்த நாள் கவுன்சிலரை வழியில் பார்த்தால், நேற்று நீங்கள் கையைத் தூக்கினீர்களே, எதற்கு என்று கேட்பார்கள்.

கூட்டம் போடுவது

கூட்டத்துக்கு ஆள் வரவில்லை என்று புலம்புகிறவர்கள் ஆடி மாதத்தில் கூழ் ஊற்றும் இடத்துக்கு வந்து பாருங்கள், நிற்க இடம் இருக்காது. ஆயா அதைத்தான் பிடித்துக்கொண்டார். தனியாகக் கூட்டம் போட்டு அழைப்பதற்குப் பதில் ஏற்கெனவே கூடியிருக்கிற இடத்தில் அரை மணி நேரம் கேட்டு வாங்கிக்கொண்டார். கோயில் கமிட்டியிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும், பூஜை முடியும்வரை வாயைத் திறக்கக் கூடாது, எந்தக் கட்சிப் பெயரும் வரக் கூடாது. இந்த மூன்றும் அவரே போட்டுக்கொண்ட நிபந்தனை. ஒரு வருடம் கவுன்சிலர் ஒருவர் போட்டோக்காரரோடு வந்து கரண்டியைப் பிடித்து நின்றார். கூழுக்கும் ஆசை மீசைக்கும் ஆசை என்று ஆயா தமிழில் சொன்னது அவருக்குப் புரியவில்லை, எல்லோரும் சிரித்ததும் அவரும் சிரித்தார்.

எங்கள் வார்டில் நாம் மட்டும் இல்லை. பக்கத்தில் வெல்பெடாக்ட், அந்தப் பக்கம் உம்லாசி, சுலு பேசும் குடும்பங்கள் நம் தெருவிலேயே நிறைய. நம் ஆட்களை மட்டும் கூட்டிப் பேசிவிட்டு ஊர்க் கூட்டம் என்று பெயர் வைக்காதீர்கள். கூட்டத்தில் சொல்வதைச் சுலுவில் திருப்பிச் சொல்ல ஒருவரை முதலிலேயே ஏற்பாடு செய்யுங்கள். ஒருவரைப் பார்த்தால் சாவுபோனா, பலரைப் பார்த்தால் சானிபோனானி, இதையாவது கற்றுக்கொண்டு போங்கள். ஆயா ஃபேக்டரியில் கற்ற சுலு என் பட்டப்படிப்பைவிட அதிகக் கதவுகளைத் திறந்திருக்கிறது. தண்ணீர்க் குழாய் உடைந்தால் இரண்டு வீட்டுக்கும்தான் தண்ணீர் இல்லை.

நேரம்: பகல், ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். சமையலறையில் வைக்கும் டைமர் ஒன்றை ஆயா மேசையில் வைப்பார், ஒருவருக்கு மூன்று நிமிடம். மணி அடித்ததும் ஆண்கள் கோபப்படுவார்கள், பழகிவிடும்.

பெண்களுக்கு எதற்கு அரசியல்?

இந்தக் கேள்வி இன்னும் வருகிறது, 2025-லும். ஆயா இதற்கு வாதாடுவதில்லை, 1913-ஐச் சொல்வார். ஒப்பந்தம் முடிந்த கூலிகள் வருடா வருடம் கட்ட வேண்டியிருந்த மூன்று பவுண்டு வரியை எதிர்த்து, ஜோகன்னஸ்பர்க் பக்கத்திலிருந்து மாகாண எல்லை தாண்டி நேட்டாலுக்கு வந்து, நியூகாசில் நிலக்கரிச் சுரங்கங்களில் வேலைநிறுத்தம் செய்யச் சொல்லித் தொழிலாளிகளிடம் பேசியவர்கள் பெண்கள், பெரும்பாலும் தமிழ்ப் பெண்கள், சிலர் கைக்குழந்தையோடு. மாரிட்ஸ்பர்க் சிறையில் கிடந்தார்கள். தில்லையாடி வள்ளியம்மை சிறையிலிருந்து காய்ச்சலோடு வந்து 1914 பிப்ரவரி 22-ல் இறந்தபோது அவளுக்கு வயது 16. வரி அதே வருடம் ஒழிந்தது. 1946-ல் இந்தியர்கள் நிலம் வாங்குவதைக் கட்டுப்படுத்திய சட்டத்தை எதிர்த்து டர்பனில் நடந்த சத்தியாகிரகத்தில் டாக்டர் கூனம் சிறை போனார், நம்மூர்த் தமிழ்ப் பெண் டாக்டர். ஆயாவுக்கு அப்போது ஐந்து வயது, கூட்டத்தில் யாரோ தோளில் தூக்கி வைத்துக்கொண்டது மட்டும் நினைவிருக்கிறதாம். இவ்வளவையும் சொல்லிவிட்டுக் கேட்டவரைப் பார்த்து, தம்பி, உங்க வீட்டு ரேட்ஸ் பில்லுக்குத் தள்ளுபடி எழுதிக் கொடுத்தது யாரு என்பார். முதியோருக்கு வீட்டு வரியில் தள்ளுபடி உண்டு, விண்ணப்பிக்க வேண்டும். அவர் வீட்டுக்கு எழுதியது ஆயா.

கட்சி அட்டை

கட்சியில் சேரலாமா கூடாதா என்று கேட்கிறார்கள். சேருங்கள், சேராமல் இருங்கள், அது உங்கள் விருப்பம். ஆயாவுக்குக் கட்சி இருந்தது. 1984 ஆகஸ்ட் 28-ல் இந்தியர்களுக்கென்று தனி அவை வைத்துத் தேர்தல் நடத்தியபோது, கறுப்பினத்தவருக்கு வாக்கு இல்லாத பாராளுமன்றத்தில் நமக்கு எதற்கு நாற்காலி என்று வீடு வீடாகப் போய் ஓட்டுப் போடாதீர்கள் என்று கேட்டவர். பதிவு செய்திருந்தவர்களில் ஐந்தில் ஒருவர் அளவுக்குத்தான் அன்று வாக்களித்தார்கள். பத்து வருடம் கழித்து 1994 ஏப்ரல் 27-ல் தன் முதல் வாக்கைப் போட்டார், வயது 53. அன்றைக்குக் கட்டிய புடவையை வேறு எதற்கும் கட்டுவதில்லை, ஒவ்வொரு தேர்தலுக்கும் அதே புடவைதான்.

ஆனால் உணவுப் பொட்டலம் கொண்டுபோகும்போது கட்சிச் சட்டை போடக் கூடாது என்பதில் அவர் கறார். சட்டை போட்டுக்கொண்டு போனால் வாங்குகிறவர் கும்பிடுவார், நன்றி சொல்வார், பிறகு தன் தெரு சாக்கடையைப் பற்றி உங்களிடம் புகார் சொல்லத் தயங்குவார். தயக்கம் வந்துவிட்டால் உங்களுக்கு உண்மை தெரியாது. நான் இதில் ஆயாவைவிடக் கொஞ்சம் கடுமை: தேர்தலுக்கு ஆறு வாரம் முன்னால் மட்டும் அரிசி கொண்டுவருகிறவரிடம் அரிசியை வாங்கிக்கொள்ளுங்கள், வாக்கைக் கொடுக்காதீர்கள்.

எந்தக் கட்சியும் பிடிக்கவில்லை, தனியாக நிற்கிறேன் என்றால், வார்டில் பதிவான வாக்காளர்கள் குறைந்தது 50 பேர் கையெழுத்து வேண்டும், டெபாசிட்டும் உண்டு. ஐம்பதுக்கு எழுபது வாங்குங்கள், சிலர் வேறு வார்டில் பதிவாகியிருப்பார்கள். உங்கள் பதிவு எங்கே என்று பார்க்க அடையாள எண்ணை 32810-க்கு எஸ்எம்எஸ் அனுப்பினால் போதும். தேர்தல் தேதியை முறைப்படி அறிவித்த அன்றோடு புதிய பதிவு நின்றுவிடும், அதனால் முகவரி மாறியவர்கள் இப்போதே மாற்றிக்கொள்ளுங்கள். படுக்கையில் இருக்கும் முதியவர்களுக்கு வீட்டுக்கே வந்து வாக்கு வாங்குவார்கள், ஆனால் முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும். கடந்த உள்ளாட்சித் தேர்தலில் இந்த ஒரு வேலையை மட்டும் நானும் தம்பியும் செய்தோம், வீட்டில் முடங்கிக் கிடந்த நிறைய பேருடைய வாக்கு பெட்டியில் விழுந்தது.

ஊர்வலம் போக வேண்டிவந்தால்

15 பேருக்கு மேல் பொது இடத்தில் கூடுவதென்றால் ஏழு நாள் முன்னால் மாநகராட்சிக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். தெரிவிப்பதுதான், அனுமதி கேட்பது அல்ல, அலுவலகத்தில் சிலர் இதை மாற்றிச் சொல்வார்கள். பதினைந்து பேருக்குள் என்றால் அறிவிப்பே தேவையில்லை. ஆயா அதிகம் பயன்படுத்தியது இதைத்தான்: பதினான்கு கிழவிகள், மடக்கு நாற்காலி, ஃபிளாஸ்கில் டீ, அலுவலக வாசல்.

பணம், வெள்ளம், இழவு

பணம் தொடும் வேலையாக இருந்தால் ரசீதுப் புத்தகம், இரண்டு பேர் கையெழுத்து இல்லாமல் ஒரு சென்டும் வெளியே போகக் கூடாது. சங்கமாக நடத்தினால் சமூக வளர்ச்சித் துறையில் லாப நோக்கற்ற அமைப்பாகப் பதிவு செய்யுங்கள், பதிவு இலவசம். வருடக் கணக்கை நிதியாண்டு முடிந்து ஒன்பது மாதத்துக்குள் கொடுக்க வேண்டும், கொடுக்காமல் விட்டுப் பெயர் நீக்கப்பட்ட சங்கங்கள் ஏராளம்.

2022 ஏப்ரல் 11, 12-ல் பெய்த மழையில் டர்பன் பகுதியில் 400 பேருக்கு மேல் இறந்துபோனார்கள், டொங்காட்டில் தண்ணீர் சுத்திகரிப்பு நிலையம் நாசமாகி மாதக்கணக்கில் குழாயில் தண்ணீர் இல்லை. அப்போது ஆயாவுக்கு 81. மேடு ஏற முடியாது. போன் பக்கத்தில் உட்கார்ந்து பட்டியல் எழுதினார்: எந்த வீட்டில் கைக்குழந்தை, யாருக்கு இன்சுலின், யாருக்கு ஆக்சிஜன், யார் தனியாக இருக்கிறார்கள். பொருள் வந்த பிறகு பட்டியல் எழுதினால் குரல் பெரிதாக இருக்கிறவருக்கே எல்லாம் போகும், பட்டியல் முதலில் இருந்தால் வாசலுக்கு வராதவருக்கும் போய்ச் சேரும். இப்படி ஒரு பட்டியலை இன்றைக்கே எழுதி வைத்துக்கொள்ளுங்கள், வருடம் ஒருமுறை திருத்துங்கள்.

இழவு வீட்டுக்குப் போனால் அரசியல் பேசாதீர்கள். பதினாறு நாள் கழித்துப் போய் மரணச் சான்று வந்துவிட்டதா, பென்ஷன் அட்டையை என்ன செய்தீர்கள் என்று கேளுங்கள். எல்லோரும் வந்து போய்விட்ட பிறகுதான் அந்த வீட்டுக்கு ஆள் தேவைப்படும்.

ஆயா செய்த தவறு

ஒன்று இருக்கிறது, அவரே ஒப்புக்கொள்வது. எல்லாவற்றையும் தானே செய்தார். முழங்கால் ஆபரேஷனுக்குப் போய் மூன்று மாதம் படுத்தபோது எங்கள் தெரு வேலை அப்படியே நின்றுவிட்டது. மேல்முறையீட்டுக் கடைசித் தேதி இரண்டு பேருக்குத் தவறிப்போனது, அவர் நோட்டைத் திறந்து பார்க்க வேண்டும் என்றுகூட எங்களுக்குத் தோன்றவில்லை. அந்த இரண்டு பெயர்களையும் இன்றும் சொல்வார். அதனால் முதல் நாளிலிருந்தே இரண்டு பேராகச் செய்யுங்கள், ஒருவர் இளையவராக இருக்கட்டும். அலுவலகத்துக்குக் கூட்டிக்கொண்டு போங்கள், பேசவிடுங்கள், தப்பாகப் பேசினாலும் நடுவில் புகுந்து திருத்தாதீர்கள். வெளியே வந்து பஸ் நிறுத்தத்தில் திருத்துங்கள். என்னை அப்படித்தான் பழக்கினார், எத்தனை பஸ் போனது என்று கணக்கே இல்லை.

44-ஆவது நோட்டை இந்த வருடம் நான் வாங்கிக் கொடுத்தேன். ஆயா கண்ணாடியை மாட்டிக்கொண்டு நாலு பக்கம் புரட்டினார், அலமாரியிலிருந்து சிவப்புப் பென்சிலை எடுத்து என் பக்கம் நீட்டினார், ஓரக்கோடு போட்டுக் கொண்டுவா என்றார்.